எங்களைப் பற்றி

டொமைன் முடிய இன்னும் ஒன்பது நாள்.
நவரத்தினராசா அண்ணைக்கு மூன்று தரம் சொல்லியாயிற்று.
"ஓம் பிள்ளை, நாளைக்கு" என்கிறார்.
அந்த நாளை பரந்தன் சந்தியில் நின்று
எந்தப் பக்கம் பஸ் ஏறிப் போகிறதோ தெரியவில்லை.

எனக்குக் கிளிநொச்சியில்
இரும்புக்கடை ஒன்றின் மேல் அறை.
கீழே கம்பி வெட்டினால் மேலே மேசை நடுங்கும்.
போனில் யாரும் கேட்டால்
"ஓபிஸ் கொஞ்சம் பிசி" என்று சொல்லப் பழகிவிட்டேன்.
ஓபிஸ் நான் ஒருத்திதான்.
வடிவமைப்புப் பிரிவும் கணக்குப் பிரிவும்
ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிக்கின்றன.

முல்லைத்தீவு ஐஸ் தொழிற்சாலை மரியசீலன்
பாதிக் காசுக்குப் பதிலாக
ஐந்து கிலோ பாரைக் கருவாடு அனுப்பினார்.
பில்லில் எந்த வரியில் எழுதுவது?
'முற்பணம், உலர்ந்தது.'

மல்லாவி மணப்பெண் அலங்காரம் டிலக்சனாவுக்கு
எவ்வளவு ரோஸ் ஊற்றினாலும் காணாது.
இனித் திரையில் இடமில்லை என்றேன்.
"அப்ப எழுத்தையும் ரோஸ் ஆக்குங்கோ."
ஆக்கினேன்.
ஒரு கிழமை கழித்து அவளே எடுத்தாள்:
"அக்கா, என்ர நம்பர் எங்க?"

ரக்ரர் சாமான் கடை வேறு மாதிரி.
அங்கே கடை மாமாவின்ர, கருத்து மருமகனின்ர.
ரொறன்ரோவில் வேலை முடிந்து அவர் வீடு போக
எனக்கு விடியப்புறம் இரண்டரை.
தலையணைக்குக் கீழே போன் அதிரும்:
லோகோவைப் பெரிசாக்குங்கோ.
பெரிசாக்கினேன்.
இன்னும்.

நேற்றுக் கடைக்கே போனேன்,
படம் எடுக்க, முடிந்தால் காசும் எடுக்க.
'எங்களைப் பற்றி' பக்கம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது.
"எந்த ஆண்டு அண்ணை தொடங்கினது?"
எண்பத்தாறு என்றார், பெல்ற் ஒன்றை விரலால் இழுத்துப் பார்த்தபடி.
பிறகு, இல்லை, அது அப்பான்ர பேரில.
தொண்ணூற்றாறில் அக்கராயனில் ஒரு கொட்டில்.
இரண்டாயிரத்து மூன்றில் திரும்பவும் இதே சந்தி.
இரண்டாயிரத்தெட்டில் பூட்டவில்லையாம்,
ஏற்றிக்கொண்டு போனதாம்.
விசுவமடுவில் இறக்கி, ஏற்றி,
பிறகு இறக்க நேரமில்லாமல்,
லொறி ஒரு பெட்டியாகி, பெட்டி ஒரு பையாகி.
"பைக்குள்ள பேரிங் பதினொண்டு."
இரண்டாயிரத்துப் பத்தில்
அந்தப் பதினொன்றைத்தான் சாக்கில் பரப்பிக்
கடை என்று சொல்லிக்கொண்டு இருந்தாராம்.
முதல் ஆள் வந்து கேட்டது பன்னிரண்டாவது அளவு.

என் படிவம் நான்கு இலக்கம் மட்டும் ஏற்கும்.
"எது போட்டா வடிவாயிருக்கும்?" என்று கேட்டார்,
எழுத்துரு தெரிவதுபோல.

இரவு மருமகன் எழுதினார்:
எண்பத்தாறு போடுங்கோ, பழைய கடை எண்டால் சனம் நம்பும்.
அதில் பிழையில்லை.
நான் கோட்டைத் திறந்து
நான்கு என்ற அந்த வரம்பை அழித்தேன்.
அரை நிமிட வேலை, பில்லில் போடவில்லை.
1986, 1996, 2003, 2010.
நடுவில் காற்புள்ளி.
ஆண்டுகளுக்கு இடையில் நடந்ததற்கு
என்னிடம் வேறு குறியீடு இல்லை.

இன்று பின்னேரம் அவரே படியேறி வந்தார்.
போன் திரையை இரண்டு விரலால் அகட்டி
நெடுநேரம் பார்த்தார். கிறீஸ் ரேகை பதிந்தது.
"சரி" என்றார்.
காசை எண்ணி வைத்தார். இருநூறு குறைவு, கேட்கவில்லை.

டொமைன் புதுப்பிக்கும் பக்கம் கேட்டது:
ஒரு ஆண்டா, இரண்டா, ஐந்தா, பத்தா?
பத்துக்குக் கட்டினால் நல்ல கழிவு, வாசித்துக் காட்டினேன்.
"பத்தோ?" என்று சிரித்தார்.
கீழே கம்பி வெட்டத் தொடங்கினார்கள்,
மேசை நடுங்கியது.
அவர் உள்ளங்கையை மேசையில் ஊன்றி
நடுக்கம் நிற்கும்வரை அப்படியே இருந்தார்.

"ஒண்டுக்குப் போடு பிள்ளை. பிறகு பாப்பம்."
போட்டேன்.
படியில் பாதி இறங்கித் திரும்பினார்:
"லோகோவை மட்டும் கொஞ்சம் சின்னனாக்கேலாதோ?"