உடம்பில் உலோகம் உண்டா

எண் நூற்றுப் பதினேழு.
சன்னாசி த/பெ ரெங்கன்,
வயது எழுபத்து நான்கு, வலது இடுப்பில் வலி.
ஆயர் ஈத்தாமிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து
ரெசிடென்சி ரோடு பெரியாஸ்பத்திரியில்
பதினொரு மணிவரை காத்திருந்தவர்.
சட்டையில் ஒரு கசங்கல் இல்லை.

தட்டை நீட்டினேன்.
சாவிக்கொத்து, சில்லறை, பெல்ட்,
ஜாகா வேலைக்கான விசில்,
கடைசியாக ஒரு மெடல், நாடா வெளுத்தது.
"கவுண்டர்ல காட்டினா
சீக்கிரம் கூப்பிடுவாங்கன்னு சொன்னாங்க."
"காட்டினீங்களா?"
"இல்லம்மா. எனக்கு முன்னால
கைப்பிள்ளையோட ஒரு பொண்ணு நின்னுச்சு."

அப்புறம் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி:
உடம்பில் உலோகம் ஏதும் உண்டா?
"ரெண்டு," என்றார்
பிள்ளைகள் எத்தனை என்று கேட்டதுபோல.

மூச்சைப் பிடிக்கச் சொன்னேன்.
அவ்வளவு நேரம் பிடித்திருக்க வேண்டியதில்லை,
விடுங்கள் என்று இரண்டாம் முறை சொன்ன பிறகே விட்டார்.

திரையில் இரண்டு வெள்ளைத் துணுக்குகள்.
ஒன்று நொய்யளவு,
ஒன்று உடைந்த பல்லின் வாகு.
அவற்றுக்குக் கீழே, சதைக்குள்,
அத்தனை வெளுப்பில்லாத மூன்றாவது.
இரும்பு அப்படி மங்காது.
எலும்புதான் மங்கும்.
அவருடைய எலும்புகளை விளிம்பு விளிம்பாகப் பார்த்தேன்.
எதிலும் உடைப்பில்லை, குறைவில்லை.

"மூணு தெரியுதுங்களே ஐயா."

பட்டன் துளையைத் தேடிக்கொண்டிருந்தார்,
தேடவேண்டியதைவிட நெடுநேரம்.

"அது இரும்பில்லம்மா.
அது இட்ரிஸ்."

எழுபத்தாறாம் வருசம், குரோவுக்கு அப்பால் எல்லைக் காடு.
முன்னால் இட்ரிஸ், ஆறடி பின்னால் இவர்.
பாலிக் பூலாவில் டுரியான் மரங்களடியில் வளர்ந்தவன்,
அண்ணாந்து பார்த்தே நடந்து பழகியவன்.
கீழ பாருடா, கீழ பாருடா என்று
இவர் சொல்லிக்கொண்டே இருப்பாராம்.
அன்றைக்கும் சொன்னாராம்.

தைப்பிங்கில் பதினொரு துண்டு எடுத்தார்கள்.
மிஞ்சியது ஒன்றும் செய்யாது என்ற ராணுவ டாக்டர்
ஒன்றை மட்டும் தொட்டுக் காட்டி
இது உன்னுடையதில்லை என்றாராம்.
அதற்குள் பெட்டியை ஆணி அடித்து அனுப்பி
மண்ணும் போட்டாகிவிட்டது.
"எடுத்து எங்கம்மா வைப்பாங்க?
இருந்துட்டுப் போகட்டும்னேன்."

ஹரிராயாவுக்கு ஹரிராயா பாலிக் பூலாவ் போனார்,
இட்ரிஸின் அம்மா தவறும்வரை.
நாற்காலியைத் திருப்பிப் போட்டு
இந்த இடுப்பு அந்தம்மாவின் பக்கம் இருக்கும்படி உட்காருவார்.
கெதுப்பாட், ரெண்டாங்,
தட்டில் ரெண்டு ஆள் சாப்பாடு வைப்பாங்களாம்.
மிச்சம் வைத்ததில்லை.

"சொன்னீங்களா அவங்ககிட்ட?"

பெல்ட்டை எடுத்து மாட்டினார்.
தஞ்சோங் தோக்கோங்கில் ராத்திரி ஜாகா வேலையாம்.
கார் வரும்போதெல்லாம் எழுந்து நிற்கணும்,
அதுதான் இடுப்பு கெட்டுப்போச்சு என்றார்.
பட்டாளத்தில் பதினோரு வருசம்.
பென்சனுக்குப் பத்தாது.

எங்கள் துறையில் இதற்கெல்லாம் ஒரே பெயர்:
அந்நியப் பொருள்.
எத்தனை என்று ஒரு கட்டம் இருக்கிறது.
இரண்டு என்று எழுதினேன்.
டாக்டருக்குக் கண் இருக்கிறது,
கேட்டால் அப்போது சொல்லிக்கொள்ளலாம்.

கதவுவரை போனவர் திரும்பி வந்தார்.
"நான் பாக்கலாமா?"
தைப்பிங்கில் அன்றைக்கு
படத்தை இவரிடம் யாரும் காட்டவில்லையாம்.

திரையை அவர் பக்கம் திருப்பினேன்.
மூக்குக் கண்ணாடியை மாற்றிப் போட்டு
குனிந்து பார்த்தார்.
வெளியே நூற்றுப் பதினெட்டு இருமியது.

"இளைச்சுப் போயிட்டான்,"
என்றார்.