பதினேழு சதவீதம்

பெருகவாழ்ந்தான் கொள்முதல் நிலையத்தில்
ஆறாவது ராத்திரி.
நூற்றுப்பன்னிரண்டு மூட்டை, கிழிந்த தார்ப்பாய்,
கம்பெனிக்காரன் கைவிட்டு
மூன்று வருஷமான ஒரு போன்.

இருப்பது ஒரே பிளக்.
தூற்றும் மிஷின் ஓடும் அதில்,
மிஷின் நின்றால் எழுத்தரின் கெட்டில்.
போன் செத்தால் ஓடிபி வராது.
ஓடிபி வராவிட்டால் என் முறை
பக்கத்து மூட்டைக்காரருக்கு.

முத்துப்பேட்டை ஜெகபர் சொல்லியிருந்தான்:
பேட்டரி மாற்றினால் தொள்ளாயிரம்.
ரோம் மாற்றினால் காசில்லை,
ஆனால் போன் போய்விட்டால்
என் கடை வாசலில் வந்து
மாரில் அடித்துக்கொள்ளக் கூடாது.

மெமரி கார்டில் மூன்று ரோம் போட்டுத் தந்தான்,
விதைநெல் பொட்டலம் மாதிரி
தனித்தனியாகப் பெயரெழுதி.
முதலாவது மினுக்கும்.
எங்கள் தெருவில் அப்படியொரு மாப்பிள்ளை உண்டு,
மத்தியானத்துக்கு மேல் எதற்கும் ஆகமாட்டார்.
இரண்டாவதில் எல்லாம் சரி,
நாம் பேசுவது மட்டும் எதிராளிக்குக் கேட்காது.
மூன்றாவது இரண்டு நாள் தாங்குமாம்,
கைரேகை எடுக்காதாம்.

ரேஷன் கடையிலேயே என் விரல் விழுவதில்லை.
நாற்றுப் பறித்துத் தேய்ந்தது.
மூன்றாவதே இருக்கட்டும் என்றேன்.

கர்னலும் மாற்றணும் என்றான்.
அது என்ன என்றதற்கு
பருப்பு, உமிக்குள்ள இருக்குமே, அது, என்றான்.
அவன் விளக்க விளக்க
எனக்கென்னவோ மதகடி லஸ்கர்தான் தெரிந்தார்.
யாருக்கு எத்தனை சாண் பலகை தூக்குவது,
யாருக்கு எப்போது இறக்குவது.
பழைய ஆள்
தலைமடைக்குத் திறந்துவிட்டு உறங்கிப்போவார்.
விளம்பர ஆப்பும் வீடியோ ஆப்பும்
விடிய விடியக் குடிக்கும்.
கடைமடையில் என் ஓடிபி
பாளம் வெடித்துக் கிடக்கும்.

பேக்கப் எடுத்தாயா என்று கேட்டிருந்தான்.
எடுத்தேன்,
ஒன்றே ஒன்றைத் தவிர.

முப்பத்தொரு சதவீதத்தில் ஆரம்பித்தேன்.
அழிக்கட்டுமா என்று கேட்டது.
அழி.
நிஜமாகவா என்று மறுபடி கேட்டது.
அழி என்றால் அழி.

அப்புறம் ஒரு வட்டம் சுற்றியது.
செக்குமாடு தோற்கும் சுற்று.
தைப்பனி தார்ப்பாயில் சொட்டுப் போட்டது.
பாமணியாற்றுப் பக்கம் யாரோ
டிராக்டரைக் கிளப்பப் பார்த்து
கிளம்பாமல் திட்டிக்கொண்டிருந்தார்கள்.
நானும் திட்டினேன்,
ஜெகபரை, அவன் கடையை,
தொள்ளாயிரம் ரூபாயை.

திறந்தபோது
உன் பெயர் என்ன என்று கேட்டது,
ஆறு வருஷம் என் இடுப்பிலேயே இருந்த போன்.

படுக்கும்போது இருபத்தொன்பது.
விடிந்தபோது இருபத்தெட்டு.
ராத்திரி முழுக்க ஒரே ஒரு சதவீதம்!
யாரிடமாவது சொல்லணும் போலிருந்தது.
லோடுமேன்கள் பல் விளக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஏழு இருபதுக்கு ஓடிபி வந்தது.

எழுத்தர் அருள்செழியன்
ஒரு கை நெல்லை மீட்டரில் போட்டு
இருபது என்றார்.
பதினேழுக்கு மேல எடுக்க மாட்டோம்மா,
அள்ளிட்டுப் போ.

மீட்டரின் மூலையில்
சின்னக் கட்டம் ஒன்று மினுங்கி மினுங்கி அணைந்தது.
செல் போயிருக்கு சார்.
எது, நெல்லா?
மீட்டர் சார்.

என்னை ஒரு பார்வை பார்த்தார்.
ஸ்டூல் போட்டு ஏறி
சுவர்க் கடிகாரத்திலிருந்து செல்லை உருவினார்.
நிலையத்தில் மணி
ஏழு நாற்பதோடு நின்றது.

பதினெட்டு.

ஒன்று அதிகம்தான்.
ஆனாலும் அது நெல்லின் ஒன்று,
மீட்டருடையது இல்லை.
சாக்கு அவிழ்த்துத் தார்ரோட்டில் பரப்பினேன்.
இன்னொரு பகல், இன்னொரு ராத்திரி.
போன் தாங்கும்.

காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தபோது
பின்னால் வந்து நின்றார் எழுத்தர்,
தன் போனை நீட்டிக்கொண்டு.
பதினொரு மணிக்கே செத்துப்போகுதும்மா.
கெட்டில் பிளக் சும்மாதான் கெடக்கு,
வேணும்னா நீ போட்டுக்க.

கைரேகை போயிடும் சார்,
பரவாயில்லையா என்றேன்.