முழங்கைக்குக் கீழே

இரவு பத்தேகாலுக்கு,
கடைசி நோயாளியும் போன பிறகு,
லியேஜ் மருத்துவமனையின் பின்வாசல் வழியாக
ஒரு கையைக் கொண்டுவந்தார்கள்.

கம்பளி. அதற்குள் பழைய மேசைவிரிப்பு.
அதற்குள் வெள்ளி.
காரில் இருக்கைப்பட்டி போட்டுத்தான் கூட்டிவந்தேன்
என்றார் கோயில்பிள்ளை செர்வே.
சிரிக்கவில்லை.

புனித ரோம்பால்டா. மடத்துத் தலைவி.
பிறந்த தேதி இல்லாமல் கணினி உள்ளே விடாது.
எண்ணூறுக்கு முன்னால் என்றாள் அருங்காட்சியகத்து ஓதில்.
கணினிக்கோ ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு முன்
யாருமே பிறக்கவில்லை.
பாலினம்: பெண்.
கர்ப்பமா என்று கேட்டது. இல்லை.
ஒவ்வாமை? தெரியாது.

படுக்கவைத்தோம்.
சட்டைக்கையின் மடிப்புகளெல்லாம் வெள்ளியில்.
விளிம்பில் திராட்சைக் கொடி, கொடியில் ஒரு பறவை;
அதற்குக் கண் வைக்கத் தட்டான் மறந்திருக்கிறான்.
மணிக்கட்டில் ஐந்து நீலக்கல், ஆறாவது குழி காலி.
பிரெஞ்சுக்காரர்கள், என்றார் செர்வே,
நேற்று நடந்ததுபோல.
இரண்டு விரல் நிமிர்ந்து, இரண்டு மடங்கி,
ஆசீர்வதிக்கிற கை.
முத்தம் பட்டுப் பட்டுச்
சுட்டுவிரலில் நகமே இல்லை.

வெள்ளி கதிரைச் சிதறடிக்கும்.
பல் அடைத்தவர்களின் படத்திலும் வருகிற குறைதான்.
திரையில் கையைச் சுற்றி
வெள்ளைக் கோடுகள் சிலிர்த்து நின்றன.
செர்வே சிலுவை போட்டுக்கொண்டார்.
"அது உலோகம்" என்றேன்.
"தெரியும்" என்றார்.

மின்னழுத்தத்தைக் கூட்டினேன்.
தகடு, நகத்தின் தடிமன்.
அடியில் ஓக் மரம், வளையங்களோடு.
பதினாறு ஆணி.
மரத்தின் குடைவில் துணி. துணிக்குள் எலும்பு.

ஆட்டெலும்பாக இருந்துவிடுமோ என்று
வழியெல்லாம் பயந்தாளாம் ஓதில்.
ஆடு இல்லை.
முன்கை எலும்பு, சுண்டுவிரல் பக்கத்தது.
நடுவில் ஒரு புடைப்பு:
உடைந்து, கோணலாகக் கூடி, ஆறியது.

விழுந்தால் அங்கே உடையாது.
விழுகிறவர்கள் உள்ளங்கையை ஊன்றுவார்கள்,
மணிக்கட்டுதான் போகும்.
முகத்துக்குக் குறுக்கே கையைத் தூக்கும்போது
உடைகிற இடம் இது.
வெள்ளி இரவுகளில் எனக்கு வருகிற படம்.

போன வெள்ளி வந்தவள்
படியில் வழுக்கிவிட்டேன் என்றாள்.
எந்தப் படி என்று நான் கேட்கவில்லை.
கேட்பதற்கென்றே ஒரு படிவம் இருக்கிறது.
அவள் கோட்டை அழகாக மடித்துப் பிடித்தபடி
கணவன் கதவோரம் நின்றிருந்தான்.

உங்கள் ஏட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.
செர்வே மனப்பாடமாகச் சொன்னார்:
கை தூக்கினாள், வெள்ளம் வடிந்தது.
கை தூக்கினாள், காய்ச்சல் இறங்கியது.
கை தூக்கினாள், ஓநாய் திரும்பிப் போயிற்று.

"ஓநாய்" என்றேன்.

கொஞ்ச நேரம் இயந்திரத்தின் விசிறி மட்டும் ஓடியது.
'பழைய முறிவு, ஆறியது'
என்று எழுதினாள் ஓதில்.
அதற்குமேல் எழுத முடியாது.
யார், எதற்கு என்பதெல்லாம் எலும்பில் இல்லை.
அது ரோம்பால்டாவுடையதுதானா என்பதும்.

கம்பளியைச் சுற்றும்போது
விரல் நுனிகளை வெளியே விட்டார் செர்வே,
மூச்சு முட்டிவிடும் என்பதுபோல.
பிறகு தன் முன்கையை,
நான் திரையில் தொட்டுக்காட்டிய அதே இடத்தில்,
மெல்ல அழுத்திப் பார்த்துக்கொண்டார்.

பின்வாசலில் மழை.
இருக்கைப்பட்டி 'டக்'கென்று மாட்டுகிற சத்தம்.

மேசையைத் துடைத்தேன்.
வெள்ளி கிடந்த இடத்தில் கறுப்பாக ஒரு தீற்றல்,
இரண்டு தரம் தேய்க்க வேண்டியிருந்தது.
போன வெள்ளியின் படத்தைத் தேடி எடுத்து
இதன் பக்கத்தில் வைத்தேன்.
தொடர்புக்கு: கணவர், என்றிருந்தது.
அளவுகோலை நகர்த்தி அளந்தேன்.
முறிவுக்கும் முறிவுக்கும்
நான்கு மில்லிமீட்டர்தான் வித்தியாசம்.

படிவம் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது.