லெ

பேர்ன் நகரத்தில்,
வளைவுகளுக்கு அடியில் ஒரு புத்தகக் கடை.
மூன்று சீன இலக்கணங்கள்.
முன்னுரை படிப்பவனில்லை நான்.
சொல்லடைவில் நேரே 'லெ' தேடுவேன்,
வாக்கியத்தின் வாலில் தொங்கும் அந்த ஓரெழுத்து.

முதல் புத்தகம்: இறந்தகாலம். அரைப்பக்கம்.
மூடிவிட்டேன்.
அடுத்தது வண்ண அட்டவணை போட்டு
விதிவிலக்குகளை அடிக்குறிப்பில் ஒளித்திருந்தது.
மூன்றாவது செங்கல் கனம், அறுபத்தெட்டு பிராங்க்.
'லெ'க்கு மட்டும் முப்பத்தோரு பக்கம்,
நடுவே ஒரு வரி:
இந்த இடத்தில் எங்களுக்கும் தெளிவில்லை.

திருமதி ரூட்டிமன் கண்ணாடியை உயர்த்தினார்.
பரிசுக்கா?
இல்லை, மல்லுக்கட்ட.

டிராமில் பென்சில் எடுத்தேன்.
மழை வந்தாச்சு.
சோறு ஆறிப்போச்சு.
ஓரத்தில் எழுதினேன்: ஆச்சு.
இரண்டு நிறுத்தம் கழித்து,
பக்கத்தில்
ஒரு கேள்விக்குறி.