நான்கு அங்குலம்

ஹாஜா மைதீனுக்கு டேப் கிடைக்கவில்லை.
"படுங்கக்கா" என்றான்.
கூத்தாநல்லூர் பட்டறைத் தரையில்
ஆயில் கறை இல்லாத இடமாய்ப் பார்த்துப் படுத்தேன்.
சாக்பீஸால் என்னைச் சுற்றிக் கோடு போட்டான்,
விபத்து நடந்த ரோட்டில் போலீஸ் போடுவதுபோல.
எழுந்து பார்த்தேன்.
யாரோ ஒரு ஒல்லியானவள்.
"தலைக்கு மூணு, காலுக்கு நாலு அங்குலம்
கூட்டிக்குவோம்" என்று
ஸ்பார்க் பிளக் அட்டையில் எழுதிக்கொண்டான்.

வண்டி எண்பத்தாறாம் வருஷத்து மெட்டடோர்.
பால் சொசைட்டிக்கு ஓடி, பந்தல்காரருக்கு ஓடி
என்னிடம் வந்தது.
கதவைத் திறந்தால் புளித்த பாலும் தென்னங்கயிறும்
இன்னமும் மணக்கும்.
உள்ளே உயரம் நாலரை அடி.

மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவள் நான்.
குறுவை நடவு சமயத்தில்
எரிந்துபோன மோட்டார்களைத் தேடி ஊர் ஊராய்ப் போவேன்.
ராத்தங்க இடம் கேட்டால்
"வீட்டுக்காரர் வரலையா?"
அவர் இப்போது வேறொருத்திக்கு வீட்டுக்காரர் என்று
ஒவ்வொரு களத்திலும் நின்று சொல்ல முடியுமா?
வண்டியின் தரை முழுக்கச் செம்புக் கம்பி, வார்னிஷ் டின், பேரிங் பெட்டி.
மேலேதான் இடம்.
மேலே தகரம்.

கட்டிங் வீலைத் தகரத்தில் வைக்குமுன்
"வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க" என்றான்.
மெஷின் சத்தத்தில் நான் சொன்னது அவனுக்குக் கேட்கவில்லை.
என்ன சொன்னேன் என்று எனக்கும் நிச்சயமில்லை.
மூன்று பேர் கூரையைத் தூக்கி இறக்கினார்கள்.
கேன்கள் தேய்த்த தரையில்
சதுரமாக வெயில் கிடந்தது.
பட்டறைப் பூனை ஏறிப்போய் அதில் உட்கார்ந்தது.

மூடி வர இன்னும் நாலு நாள்.
அன்றிரவே மழை. ஆனியில்.
ஹாஜா பக்கத்து மண்டபத்திலிருந்து
ஒரு காதணி விழா பேனரை இழுத்துவந்தான்.
அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்,
நடுவில் துடைப்பக்கட்டை.
விடியவிடிய நாங்கள் நனைந்தோம், வண்டி தப்பித்தது.
காது குத்திய இரண்டு பிள்ளைகளும்
தாய்மாமன்கள் பதினோரு பேரும்
தலைகீழாய்ச் சிரித்தபடி
என் வண்டிக்குக் கூரையாக இருந்தார்கள்.

மூடியைச் செய்தவர்
நாகப்பட்டினத்தில் படகுக்கு ஃபைபர் அடிக்கும் சிலுவைராஜ்.
ஒழுகுதா பார்க்கணும் என்று
தண்ணீரில் போட்டு மிதக்கவிட்டாராம்.
"நல்லாத்தான் மிதக்குது" என்று
போனில் சொன்னார்.
சுற்றுத்துணியைப் பிலோமினா தைத்தாள்.
நைலான் நூலைத் தூக்கிப் போட்டுவிட்டுப்
பருத்தி நூல் கோத்தாள்:
"நனைஞ்சா ஊதும், ஊசி போன ஓட்டைய அதே அடைச்சுக்கும்."
தூக்கி நிறுத்தும் கேஸ் கம்பிகள் இரண்டும்
திருச்சிக் காயலான் கடையில் எடுத்தவை.
ஒன்றுக்குத் தெம்பு கூடுதல்.
கூரை எழும்போது இடதுபக்கம் முந்துகிறது,
கூட்டத்தில் எட்டிப் பார்க்கிற ஆள் மாதிரி.

முதல் ராத்திரி, கோரையாற்றுக் கரை.
இரண்டு மணிக்கு மும்முனை கரண்ட் வந்தது.
வயலுக்குள் ஒவ்வொன்றாய் மோட்டார்கள் எழுந்தன.
இது நான் கட்டியது.
அது நான் கட்டியது.
தூரத்தில் முனகுவது திருவாரூர்க்காரன் கட்டியது,
நாளைக்கு என்னிடம் வரும்.

டார்ச் வெளிச்சம் ஒன்று வண்டியைச் சுற்றியது.
"யாரது?"
"மோட்டார் கட்டுறவ."
"மேலயா படுத்திருக்கீங்க?"
"மேலதான்."
கொஞ்ச நேரம் யோசித்தார்.
"காத்து வருதா?"
"வருது."
மடை பார்க்கப் போய்விட்டார்.

காலை நீட்டினேன்.
கட்டைவிரல் துணியில் முட்டியது.
தலைமாட்டில் இன்னும் இடம் இருக்கிறது, கால்மாட்டில் இல்லை.
ஹாஜாவின் கணக்கில் பிழை கிடையாது.
அன்று சிமெண்ட் தரையில்,
ஆண்கள் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க,
காலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டுதான் படுத்திருந்தேன்.

மடையிலிருந்து அவர் திரும்பி வரும்போது
டார்ச் அடித்தால் தெரியும்,
கூரைத் துணியில் சின்னதாக ஒரு புடைப்பு.