அறுபத்து மூன்றாம் பாகம்

மின்சாரம் மாலை ஏழு இருபதுக்கு வரும்.
அல்லது வராது.
தொண்ணூற்று நான்கில், திபிலிசியின் கிள்தானியில்,
எங்கள் ஒன்பது மாடிக் கட்டடத்தின் கடிகாரமெல்லாம்
அந்த ‘அல்லது’வில் நின்றிருந்தன.

அந்த வருடங்களை யாரும் விரும்பக் கூடாது.
ரொட்டிக்கு விடியுமுன்னே வரிசை,
உள்ளங்கையில் பேனாவால் எழுதிய எண்,
மண்ணெண்ணெய் வாசம் ஏறிய தலைமுடி,
பள்ளிக்கு ஆளுக்கொரு விறகு.
கணக்குப் பாடத்துக்கு எதற்கு விறகு
என்கிறாள் என் மகள்.

ஆனாலும்
அந்த மெக்சிகோ தொடர்!

குதிரைப் பண்ணை, கடிதங்கள்,
காதோரம் பூ வைத்த ரொசால்பா.
அத்தனை பேருக்கும் ஒரே ஆண்குரல்.
ரொசால்பா விம்மினாலும், வில்லி சிரித்தாலும்,
பாதிரியார் மன்னித்தாலும்
சளி பிடித்த அதே மனிதர்
தபாலாபீசில் விலாசம் வாசிப்பதுபோல வாசிப்பார்.
எங்களுக்கு அது போதும்.
எட்டாம் மாடி ஜுஜுனா
பால்கனியில் வளர்த்த கோழிக்கு
ரொசால்பா என்று பேர் வைத்தாள்.
புத்தாண்டுக்கு அதை அறுக்க மனம் வரவில்லை.
பிப்ரவரியில் வந்தது.

அறுபத்து மூன்றாம் பாகம்.
கதவு திறக்கிறது. ரொசால்பா திரும்புகிறாள்.
வாசலில் யார் என்று
போயிற்று.
ஒன்பது மாடியும் ஒரே வாயாக, “வாய்மே!”

தரைத்தளத்துக் கோச்சாவிடம் மட்டும்
ஓடாத லாடாவின் பாட்டரி இருந்தது,
ஒரு சாண் கறுப்பு வெள்ளைப் பெட்டியும்.
படிகள் சுற்றிச் சுற்றி இறங்கும் அந்தக் கிணற்றடியில்
அண்ணாந்து நின்று, பார்த்ததைக் கத்தினார்.
மாடிக்கு மாடி வாங்கி மேலே அனுப்பினோம்,
வாளித் தண்ணீர்போல,
கொஞ்சம் சிந்தியபடி.

“வந்திருப்பது அவள் அண்ணன்!”
அம்மா கையுறையோடு கைதட்டினாள்.
“செத்துவிட்டான் என்றார்களே, அவனேதான்!
தாடி வளர்ந்திருக்கிறது.
காலில் காயம், பெரிதாக ஒன்றுமில்லை.
சாப்பிட உட்கார்ந்துவிட்டான்!”
என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டாள் ஜுஜுனா.
கீழே கொஞ்ச நேரம் சத்தமில்லை.
“லோபியோ. சோளரொட்டி.”
மெக்சிகோவில் லோபியோவா என்று
ஒருவரும் கேட்கவில்லை.

போன மாதம் கைபேசியில் அகப்பட்டது,
நூற்றிருபது பாகமும்.
மகள் தூங்கியபின் பார்க்கிறேன்.
அந்தப் பண்ணை இவ்வளவு ஆரஞ்சு நிறமென்று
இத்தனை நாள் தெரியாது.
அறுபத்து மூன்றில் கதவு திறக்கிறது.
வந்தது வக்கீல்.
முன்னால் ஓட்டினேன், பின்னால் ஓட்டினேன்.
ரொசால்பாவுக்கு அண்ணனே இல்லை.

முந்தின வருடம் சுகுமிக்குப் புறப்பட்டபோது
கோச்சாவின் அண்ணன் வாஜா
தோல் கோட்டை விட்டுப் போனான்,
வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று.
எத்தனை குளிரிலும் அது கோச்சாவின் தோளில் ஏறியதில்லை.
ஆணியில் தொங்கும்.
கத்தும்போது அதன் பக்கத்தில்தான் நிற்பார்.

வக்கீல் பேசிக்கொண்டே இருக்கிறார்.
ஃபிரிட்ஜ் முனகுகிறது, தெருவெல்லாம் வெளிச்சம்.
ஒலியை அடக்கிவிட்டு
கதவைத் திறந்து படிக்கட்டில் எட்டிப் பார்த்தேன்.
இந்தப் புதுக் கட்டடத்தில்
ஆள் வந்தால் தானே எரியும் விளக்கு
எரிந்தது.