கணக்கில் வராத இரண்டு லிட்டர்

காலையில் நிரப்பினால் மாலைக்குள் இரண்டு லிட்டர் குறைகிறது.
படகின் அடிவயிற்றில் பச்சை இல்லை.
ஈரம் இல்லை, பிசுபிசுப்பு இல்லை.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
எஞ்சினுக்கும் சுவருக்கும் நடுவே
பக்கவாட்டில் நுழைந்து தடவிப் பார்க்கிறேன்.
ஒழுகல் என்றால் தடம் இருக்கும்.
தடமில்லாமல் போவதற்கு
வேறு பெயர் இருக்க வேண்டும்.

நேற்று மரினா சவுத் துறையிலிருந்து
கிழக்கு நங்கூரத் திடலுக்குப் போகும் வழி.
பின்தளத்தில் பன்னிரண்டு மூட்டை அரிசி, முட்டைத் தட்டுகள்,
கப்பலேறப் போகும் ஒரு சமையல்காரர், அவருடைய கிட்டார்.
முள் தொண்ணூற்றெட்டைத் தொட்டது.
ரோஸ்லான் வேகத்தைத் தளர்த்தி
"அடை!" என்று கீழே பார்த்துக் கத்தினார்.
என் பெயர் அடைக்கலம்.
அவருக்கு முதல் பாதி போதும்.

இன்று துறையோரம், எஞ்சின் ஆறியபின் திறக்கிறேன்.
சூட்டில் திறந்தால் என்னவாகும் என்பதற்கு
இடது மணிக்கட்டில் ரசீது இருக்கிறது.

முதலில் மூடி. ரப்பர் வளையம் வெடித்திருந்தது,
மாற்றினேன், ஏழு வெள்ளி.
நீர் அப்படியும் குறைந்தது.
பம்பின் அழுகைத் துளையில் விரல் வைத்தேன், வறட்சி.
எண்ணெய்க் கோலை உருவினேன்.
தே தாரேக் நிறத்தில் வந்தால் தலை போச்சு.
வந்தது கோப்பி ஓ. நிம்மதி.

கடல்நீர்ப் பம்பைப் பிரித்தபோது
ஆறு இறக்கைகளில் நான்குதான் மிச்சம்.
ஒன்றை வெப்பமாற்றியின் வாயில் கண்டெடுத்தேன்,
மற்றது எங்கே என்று கடலுக்குத்தான் தெரியும்.
பிடித்துவிட்டேன் என்று ரோஸ்லானிடம் ஒரு கறி பஃப் தின்றேன்.
பாதி தின்னும்போதே உறைத்தது:
சூட்டுக்கு இது காரணம்.
இழப்புக்கு இல்லை.
இரண்டும் ஒரே நாளில் வந்ததால்
ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று நினைத்திருக்கிறேன்.

திருவாட்டி சியா அழைத்தார்.
ஒரு நாள் நின்றால் அறுநூறு வெள்ளி என்றார்.
எனக்கும் கூட்டல் தெரியும் என்று சொல்லவில்லை.

தொட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து
விளக்கடியில் சுடும் தகரத்தின்மேல் விட்டேன்.
பச்சை வற்றியது.
ஓரத்தில் மணல்போல வெள்ளை வளையம்.

உப்பு.

அப்படியானால்
ஓடும்போது அழுத்தத்தில் எங்கள் நீர்
கடல்நீரோடு கலந்து புகைக்குழாய் வழியாக வெளியே போகிறது.
நிறுத்தி ஆறவிட்டால்
அதே துளையால் கடல் உள்ளே வருகிறது.
இரவெல்லாம் கொடுக்கல் வாங்கல்
நடந்திருக்கிறது, சத்தமில்லாமல்,
நான் ஈசூன் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே தூங்கும்போது.

வெப்பமாற்றியின் பித்தளைத் திருகைக் கழற்றினேன்.
அதன் நுனியில் துத்தநாகக் கட்டை இருக்க வேண்டும்,
செம்பைத் தின்ன வரும் அரிப்புக்கு முன்னால் தன்னை நீட்டிக்கொண்டு.
இல்லை.
திருகு மட்டும், மொட்டையாக.
தின்னக் கட்டை இல்லாததால்
கடல் குழாயைத் தின்றிருக்கிறது.
ஊசி நுழையும் துளை, அவ்வளவுதான்.

பராமரிப்பு ஏட்டைப் புரட்டினேன்.
மார்ச் பதினான்கு. துத்தநாகம். டிக்.
அந்த டிக்கின் வால் நீளம்,
என்னைத் தவிர யாரும் அப்படி இழுப்பதில்லை.
மழை, மேலே எட்டு மாலுமிகள் காத்திருந்தார்கள்,
நாளை மாற்றலாம் என்று முதலில் டிக் போட்டேன்.
மேசை இழுப்பறையைத் திறந்தேன்.
பிளாஸ்டிக் உறைக்குள் பளபளவென்று இருக்கிறது,
விலைச் சீட்டோடு.

ரோஸ்லான் இழுப்பறையைப் பார்த்தார்.
என்னைப் பார்க்கவில்லை.
கயிறு சரிபார்க்க முன்பக்கம் போனார்,
கயிறு சரியாகத்தான் இருந்தது.

முப்பத்திரண்டு குழாய்களில் ஒன்றை
இரு முனையிலும் மரக்குச்சி செதுக்கி அடித்து மூடினேன்.
பெயருக்கேற்ற வேலை.
புதிய மையம் ஜூரோங்கிலிருந்து வரும்வரை
முப்பத்தொன்று போதும்.
உப்பு போக மூன்று முறை அலசினேன்,
புதிய பச்சை ஊற்றினேன்,
கட்டையைத் திருகினேன்.
ஒரு மணி நேரம் ஓடியும் முள் எண்பத்திரண்டில் அசையவில்லை.

டிக்கைப் பெருக்கல் குறியாக்க
ஒரு கோடு போதும்.
தாளில் எண்ணெய் ஊறியிருந்தது, பேனா பிடிக்கவில்லை.
இரண்டு முறை அழுத்தி இழுக்க வேண்டியிருந்தது.

பிறகு திருவாட்டி சியாவின் எண்ணைத் தட்டினேன்.
மணி போகிறது.